வண்டியை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்!

அல் கூஸ் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே சண்டை: உலகத்திலேயே பெரிய டிரைவர் யார்? பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், எல்லோருக்கும் தொழிலும் ஏரியாவும் மட்டுமே. ஃபோர்மேன்கள் தேடிக் களைக்க வேண்டாம்.

கே: அண்ணே, பனிக்கட்டி மேல ஸ்கூட்டருக்கும் படகுக்கும் பொறந்த மாதிரி ஒரு வண்டியை வட்டமா சுத்துறானுங்க. வீடியோவைப் பார்த்து ரூமே ரெண்டுபட்டுக் கிடக்கு. அது என்ன கூத்து?
— டென்டிங் கடை ஊழியர், அல் கூஸ் 3

ப: ஸ்னோமொபைல் ஓவல் ரேஸ். கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியே 1959-ல் 'ஸ்கி-டூ' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு வட அமெரிக்காவில் பரவிய வண்டி. முன்னால் இரண்டு சறுக்குப் பட்டை. பின்னால் சக்கரத்துக்குப் பதில் சுழலும் ரப்பர் பட்டை. மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான்: 440 சிசி 2-ஸ்ட்ரோக் இன்ஜின், ஆக்டிவாவில் இருக்கிற அதே பெல்ட்-புல்லி முறை, ஆக்சிலரேட்டர் மட்டும் வலது கட்டைவிரலில்.

பந்தயத்துக்கு என்றால் ரப்பர் பட்டை முழுக்க ஆணி பொருத்துவார்கள். சறுக்குப் பட்டைக்கு அடியில் கார்பைடு விளிம்பு வைப்பார்கள். தண்ணீர் ஊற்றி உறைய வைத்த அரை மைல் நீள்வட்டத்தில், உடம்பை இடது பக்கம் தொங்கவிட்டபடி, மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் பறப்பார்கள். எல்லாத் திருப்பமும் இடது பக்கம்தான். வலது பக்கம் திரும்பவே தெரியாமல் உலக சாம்பியன் ஆகிவிடலாம்.

கே: 45 டிகிரி வெயிலில் வேகிற அல் கூஸுக்கும் பனிக்கட்டிக்கும் என்ன சம்பந்தம்?
— ஏசி மெக்கானிக், அல் கூஸ் 1

ப: இந்தக் கேள்வியை நீங்களே கேட்கலாமா? இங்கே பனியை வைத்துப் பிழைப்பவர் நீங்கள்தான்.

மைனஸ் 6 டிகிரியில், நாற்காலி முதல் தம்ளர் வரை பனிக்கட்டியால் செய்த ஐஸ் லவுஞ்ச் ஒன்று 2007-ல் வந்தது எங்கே? நம் ஷேக் ஸாயித் ரோட்டோரம் இருக்கிற டைம்ஸ் ஸ்கொயர் சென்டரில். பக்கத்து அல் பர்ஷாவில் 2005-லிருந்து ஸ்கி துபாய் ஓடுகிறது. ஆனால் அங்கே ஓவல் ரேஸ் விடலாமா என்று கிளம்பிவிடாதீர்கள். அங்கிருக்கிற மிக நீளமான சரிவே 400 மீட்டர். பந்தயத்துக்குச் சுற்று ஒன்றுக்கு 800 மீட்டர் வேண்டும். போதாததற்கு நடுவில் பென்குயின் வேறு.

கே: சரி, அந்தப் பனி ஓவலில் பெரிய ஆள் யார்? ரூமில் ஒருத்தன் "நாலு கோப்பை வாங்கினவன்தான்" என்கிறான். நான் "கூட்டம் யாரை ஞாபகம் வைத்திருக்கிறதோ அவன்தான்" என்கிறேன்.
— ஸ்பேர் பார்ட்ஸ் சேல்ஸ்மேன், அல் கூஸ் 2

ப: இரண்டு பேர் கையிலும் இருப்பது தப்பான அளவுகோல்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஈகிள் ரிவர் என்று ஒரு சின்ன ஊர். 1964 முதல் குளிர்காலம் தோறும் அங்கே நடக்கிற உலக சாம்பியன்ஷிப் டெர்பிதான் இந்த ஆட்டத்தின் திருவிழா. கோப்பையை எண்ணினால் பி.ஜே. வாண்டர்ஷைட்: 2002, 2003, 2006, 2011 என்று நான்கு முறை வென்ற முதல் ஆள். அவருக்கு முன்னால் மூன்று முறை வென்ற முதல் ஆள் ஜாக் வில்நெவ்: 1980, 1982, 1986. அவருடைய அண்ணன் ஜில் வில்நெவ் 1974-ல் ஒரே ஒரு முறை.

நான் வைத்திருக்கிற அளவுகோல் வேறு. அவரிடம் வேறு வண்டியைக் கொடு, வேறு தரையில் விடு, அப்போது என்ன செய்கிறார் பார். ஜில் அந்தப் பனியில் தொடங்கி ஃபார்முலா ஒன் வரை போனார். ஃபெராரியில் ஆறு வெற்றி, 1979-ல் உலகத்தில் இரண்டாம் இடம். மழை பெய்தால் மற்றவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள், இவர் அப்போதுதான் முழிப்பார். முன்னால் போகிறவன் கிளப்பும் பனித்தூளில் கண் தெரியாமலே வருஷக்கணக்கில் ஓட்டிய ஆளுக்கு மழை என்ன பெரிய விஷயம்? 1982-ல் பெல்ஜியத்தின் ஸோல்டர் களத்தில் தகுதிச்சுற்றின்போது இறந்தபோது அவருக்கு வயது 32.

தம்பி ஜாக் பனியில் மூன்று கோப்பை வாங்கியதோடு நிற்கவில்லை. 1985-ல் அமெரிக்காவின் ரோடு அமெரிக்கா களத்தில் இண்டி கார் பந்தயத்தையும் வென்றார். ஃபார்முலா ஒன்னில் மூன்று தடவை முயன்று ஒரு தடவைகூடத் தகுதி பெறவில்லை என்பதும் கணக்கில் உண்டு. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், பனியில் மட்டும் யார் என்று கேட்டால் என் ஓட்டு தம்பி ஜாக்குக்கு. பனியில் பழகிய கைக்கு உலகத்தில் என்ன விலை என்று கேட்டால் அண்ணன் ஜில்லுக்கு.

கே: ஜாக் வில்நெவ் 1997-ல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனாரே! "தகுதியே பெறவில்லை" என்று எழுதுகிறீர்கள்?
— டயர் கடை, ராஸ் அல் கோர்

ப: அவர் ஜில்லின் மகன். நான் சொன்னது சித்தப்பா. இருவருக்கும் ஒரே பெயர். தாத்தா பெயரைப் பேரன்கள் அத்தனை பேருக்கும் வைத்துவிட்டு, கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாதா என்ன?

கே: வண்டி நன்றாக இருந்தால் எவன் வேண்டுமானாலும் ஜெயிப்பான். டிரைவருக்கு ஏன் இவ்வளவு மாலை மரியாதை?
— இன்ஜின் மெக்கானிக், அல் கூஸ் 4

ப: மெக்கானிக் இப்படிச் சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம். இதற்குப் பக்கத்து வீட்டிலேயே ஒரு பரிசோதனை நடந்தது. 2020 டிசம்பரில் பஹ்ரைனின் சாகிர் களத்தில் வழக்கமான பாதையை விட்டுவிட்டு, 3.543 கிலோமீட்டர் வெளிச்சுற்றில் ஃபார்முலா ஒன் நடத்தினார்கள். கிட்டத்தட்ட ஓவல். ஒரு நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். அந்த வாரம் மெர்சிடிஸ் ஓட்டுநர் ஹாமில்டனுக்குக் கொரோனா. வில்லியம்ஸ் அணியில் கடைசி வரிசையில் ஓட்டிக்கொண்டிருந்த ஜார்ஜ் ரஸ்ஸலைக் கூப்பிட்டு மெர்சிடிஸைக் கொடுத்தார்கள். கால் உள்ளே அடங்காததால் ஒரு சைஸ் சின்ன ஷூவை மாட்டிக்கொண்டு ஏறினார் மனிதர்.

தகுதிச்சுற்றில் முதலிடத்தை 0.026 விநாடியில் தவறவிட்டார். பந்தயம் தொடங்கியதும் முந்திக்கொண்டு பெரும்பகுதி முன்னால் போனார். அப்புறம் பிட்டில் வேறொருவருடைய டயரைக் கலந்து மாட்டிவிட்டார்கள், பிறகு ஒரு பஞ்சர். ஒன்பதாவதாக முடித்தார். அதுவே அவர் வாழ்க்கையின் முதல் புள்ளிகள்.

ஆக, வண்டி முக்கியம்தான்: ஏறக்குறைய இரண்டு சீசன் புள்ளியே வாங்காதவர் ஒரு வாரத்தில் முதல் வரிசைக்கு வந்தார். டிரைவரும் முக்கியம்தான்: அதே வண்டியில் பழம் தின்று கொட்டை போட்ட போட்டாஸை அவர் தாண்டினார். டயர் மாட்டுகிறவர் எல்லோரையும்விட முக்கியம். நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

கே: அந்தப் பந்தயத்தில் ஜெயித்தது யார்? அதைச் சொல்லாமலே போய்விட்டீர்களே.
— அதே மெக்கானிக்கின் ஹெல்பர்

ப: செர்ஜியோ பெரெஸ். முதல் சுற்றில் இடிபட்டுக் கடைசிக்குப் போய், அங்கிருந்து வந்து வென்றார். அது அவருக்கு 190-வது பந்தயம், முதல் வெற்றி. இன்க்ரிமென்ட் தள்ளிப்போகிறது என்று புலம்புகிற ஹெல்பர் இந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கே: அமீரகத்தில் உண்மையான ஓவல் ரேஸ் உண்டா?
— டெலிவரி ரைடர், அல் பர்ஷா

ப: உண்டு. மர்மூமுக்குப் போங்கள். ஓடுவது ஒட்டகம். சின்னப் பையன்களை மேலே உட்கார வைக்கும் கொடுமைக்கு 2005-ல் சட்டம் போட்டு முடிவு கட்டிய பிறகு, திமிலுக்குப் பக்கத்தில் இருப்பது ரிமோட்டில் சாட்டை சுழற்றும் குட்டி ரோபோ. பாதைக்கு வெளியே நாலு சக்கர வண்டிகளில் ரிமோட்டும் வாக்கி-டாக்கியுமாக உரிமையாளர்கள் கூடவே விரட்டிக்கொண்டு வருவார்கள். ஒட்டகம், ரோபோ, ரிமோட் பிடித்தவர், அவருடைய கார் டிரைவர் என்ற நான்கு பேரில் பெரிய டிரைவர் யார் என்று கேட்டு மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கே: நம்ம ஆளுங்களில் பெரிய டிரைவர் யார்? பூசி மெழுகாமல் சொல்லவும்.
— ரெக்கவரி வண்டி ஓட்டுநர், அல் கூஸ் 2

ப: நரேன் கார்த்திகேயன்.

ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர், 2005-ல் ஜோர்டான் அணியில். அது எல்லோருக்கும் தெரியும். என் அளவுகோலுக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர் ஏறி இறங்கிய வண்டிகளின் பட்டியல். கோயம்புத்தூர்ப் பையன் 1994-ல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். 1996-ல் ஃபார்முலா ஏஷியா சாம்பியன். 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாய் களத்தில் ஏ1 ஜிபி தொடரில் இந்தியாவுக்கு முதல் வெற்றி. 2010-ல் அமெரிக்கா போய் நாஸ்கார் டிரக் பந்தயத்தில் இறங்கினார். ஆமாம், லாரிக்குத் தம்பியான பிக்-அப்தான். முதல் பந்தயம் மார்ட்டின்ஸ்வில். ஈகிள் ரிவர் போலவே அரை மைல் ஓவல், அதே இடது திருப்பம், பனிக்குப் பதில் தாரும் கான்கிரீட்டும். ஓவலில் முன்பின் ஓட்டியிராத ஆள் 13-வதாக முடித்தார். அந்த வருஷக் கடைசியில் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு அந்தத் தொடரின் பிரபல ஓட்டுநராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதோடு விட்டாரா? 2019 நவம்பரில், 42 வயதில், ஜப்பானின் ஃபுஜி களத்தில் ஜப்பானியர்களும் ஜெர்மானியர்களும் சேர்ந்து நடத்திய சூப்பர் ஜிடி – டிடிஎம் பந்தயத்தில் ஹோண்டாவை ஓட்டி முதலிடம். எந்தச் சாவியைக் கொடுத்தாலும் ஓட்டினார் என்பதுதான் அவருக்கு நான் தரும் சான்றிதழ்.

கே: நரேன் அமெரிக்காவில் நாலாவது வந்தார் என்கிறார்கள். ஓடியதே ஆறு வண்டியாமே! இதெல்லாம் ஒரு பெருமையா?
— பெயின்டர், அல் கூஸ் 3 (நானும் கோவைதான், இருந்தாலும் கேட்பேன்)

ப: கேளுங்கள். 2005 ஜூன் 19, இண்டியானபோலிஸ். அந்தக் களத்தின் கடைசி வளைவு பழைய ஓவலின் சாய்வான பகுதி. அதில் மிஷெலின் டயர் தாங்காது என்று தெரிந்ததும், அந்த டயர் போட்ட 14 வண்டிகள் ஒரு சுற்று மெதுவாக வந்துவிட்டுப் பெட்டிக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு வண்டிகள் மட்டும் ஓடின. நரேன் நாலாவது, ஐந்து புள்ளி. ஒரு இந்தியர் ஃபார்முலா ஒன்னில் வாங்கிய முதல் புள்ளிகள்.

அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. நான் அதைவிட மதிப்பது புள்ளியே கிடைக்காத ஒரு நாளை: 2012 மார்ச், மலேசியா, கொட்டுகிற மழை. வரிசையிலேயே மிகப் பலவீனமான ஹெச்ஆர்டி வண்டியில் இருந்தார் நரேன். முழு மழை டயரோடு கிளம்பியதால் பந்தயத்தைப் பாதியில் நிறுத்தியபோது பத்தாவது இடத்தில் நின்றார். பிறகு வெட்டல் இவரை முந்தும்போது உரசி டயர் கிழிந்து, கோபத்தில் வெள்ளரிக்காய் என்று திட்டினார். உலக சாம்பியன் வாயால் திட்டு வாங்க வேண்டுமானால் முதலில் அவர் போகிற வழியில் இருக்க வேண்டும் அல்லவா?

கே: கருண் சந்தோக்?
— கணக்கர், அல் கூஸ் 1 (ஒரு வரியில் போதும்)

ப: 2007-ல் ஸ்பா களத்தில் ஜிபி2 வெற்றி, 2010-11-ல் ஃபார்முலா ஒன், 2012-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியராக ஒட்டுமொத்தத்தில் ஆறாம் இடம், இப்போது தொலைக்காட்சியில் மற்றவர்கள் ஓட்டுவதைப் பிரித்து மேய்கிறார். ஒரு வரி கேட்டீர்கள், நீளமான வரியாகக் கொடுத்துவிட்டேன்.

கே: தல அஜித்தை விட்டுவிட்டு ஒரு பட்டியலா? லீவு போட்டுவிட்டு ஆட்டோட்ரோமுக்குப் போனவன் நான்!
— ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர், அல் கூஸ் 4

ப: நீங்கள் மட்டுமா போனீர்கள்? 2025 ஜனவரியில் துபாய் ஆட்டோட்ரோம் பார்வையாளர் வரிசை ஏதோ முதல் நாள் முதல் காட்சி மாதிரி இருந்தது. 24 மணி நேரப் பந்தயம் அங்கே 2006 முதல் நடக்கிறது. ஐரோப்பிய மெக்கானிக்குகள் அப்படி ஒரு விசில் சத்தத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். பயிற்சியில் அவருடைய போர்ஷே தடுப்பில் மோதிச் சுழன்று நொறுங்கியது. இறங்கி நடந்து வந்தார். பந்தயத்தில் தன் அணியின் பிரதான வண்டியைச் சக ஓட்டுநர்களிடம் விட்டுவிட்டு, தான் இன்னொரு வண்டியான கேமன் ஜிடி4-ல் ஏறினார். அணி தன் பிரிவில் மூன்றாம் இடம். அவருக்கு 'ஸ்பிரிட் ஆஃப் த ரேஸ்' விருது. அப்போது வயது 53. 2003-ல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஏஷியா, 2010-ல் ஃபார்முலா டூ என்று நடுவில் படப்பிடிப்புகளுக்குப் போய் வந்தவர்.

மிகச் சிறந்த ஓட்டுநரா? இல்லை, அவரே அப்படிச் சொல்லிக்கொள்பவர் அல்ல. ஆனால் தன் பெயர் எழுதிய வண்டியை விட்டு இறங்கி அதை மற்றவர்களிடம் கொடுக்க ஒரு நட்சத்திரத்துக்கு மனசு வேண்டும். அதற்கு ஒரு கோப்பை இருந்தால் அவருக்கே.

கே: வளைகுடாவில்? பென் சுலாயெமா, அல்-அத்தியாவா?
— அரபி வீட்டு டிரைவர், ஜுமைரா

ப: துபாய்க்காரரான முகமது பென் சுலாயெம் 14 முறை மத்தியக் கிழக்கு ராலி சாம்பியன். 2021 டிசம்பர் முதல் எஃப்ஐஏ தலைவர், அதாவது உலக மோட்டார் பந்தயத்தின் நாட்டாமை. கத்தாரின் நாசர் அல்-அத்தியா அந்த 14-ஐயும் தாண்டியவர்.

அதைவிட, டக்கார் ராலியை 2011-ல் ஃபோக்ஸ்வாகனில் வென்றார், 2015-ல் மினியில் வென்றார், 2019, 2022, 2023-ல் டொயோட்டாவில் வென்றார். நடுவில் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம். தென் அமெரிக்க மலை, சவூதி மணல், பறக்கும் களிமண் தட்டு என எதைக் கொடுத்தாலும் குறி தப்பவில்லை. சாவியை மாற்றும் சோதனையில் நூற்றுக்கு நூறு. உங்கள் அர்பாப் பென் சுலாயெம் ரசிகராக இருந்தால் இந்தப் பதிலை வாசித்துக் காட்ட வேண்டாம்.

கே: ராலியில் பக்கத்து சீட்டில் ஒருத்தர் உட்கார்ந்து கத்திக்கொண்டே வருகிறாரே, அவருக்கு என்ன வேலை?
— புதுமாப்பிள்ளை, சத்வா

ப: அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை, எத்தனை மீட்டரில் என்று குறிப்பைப் படித்துச் சொல்லும் கோ-டிரைவர். அல்-அத்தியாவின் 2015 முதல் 2023 வரையிலான நான்கு டக்கார் வெற்றியிலும் பக்கத்தில் இருந்தவர் மத்தியூ போமெல். அவர் சொன்னதை நம்பி எதிரே தெரியாத மணல்மேட்டைத் தாண்ட வேண்டும். குடும்ப விசாவுக்கு மனுப் போட்டிருப்பீர்கள் போலிருக்கிறது. வந்ததும் உங்களுக்கே புரிந்துவிடும்.

கே: எல்லாம் ஆம்பளைங்க பெயராகவே இருக்கிறதே?
— நர்ஸ், அல் கூஸ் கிளினிக்

ப: கேட்டது நியாயம். பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல் பைக்கில் பாஹா உலகக் கோப்பையின் மகளிர் பிரிவை வென்றார். மோட்டார் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர், ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தத் தொடரின் முதல் சுற்று நடந்தது இதே துபாய் மணலில். அதில் முதலிடம் அவருக்கே. சென்னையின் அலிஷா அப்துல்லா கார்ட்டிலிருந்து சூப்பர் பைக்குக்கு மாறி ஆண்களோடு ஒரே வரிசையில் நின்றவர். அபுதாபியின் ஆம்னா, ஹம்தா அல் குபைசி சகோதரிகள் 2023-ல் எஃப்1 அகாடமியில் ஓட்டினார்கள்.

கே: பணக்கார வீட்டுப் பிள்ளைகள்தான் ரேஸ் ஓட்டுகிறார்கள். நம்மை மாதிரி ஆளுக்கு வழி உண்டா?
— கராஜ் ஹெல்பர், அல் கூஸ் 3

ப: உண்மையைச் சொன்னால் வழி குறுகல்தான். நரேனின் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயனே தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். கருண் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே பெட்ரோல் வாசனை.

இதை உடைக்கப் பார்த்த ஒருவர் உண்டு: கோவை எஸ். கரிவரதன். இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுபாதையில் சோழவரம் பந்தயம் நடந்த நாட்களில் ஓட்டியவர். வெளிநாட்டு வண்டிக்குக் காசு இல்லாதவர்களும் ஓட்டட்டும் என்று மாருதி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைக் கோவையிலேயே செய்தார். அந்த மாதிரி உள்ளூர் வண்டிகளில் ஓட்டித்தான் ஒரு தலைமுறை கை பழகியது. 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கிற 2.1 கிலோமீட்டர் களத்துக்கு அவர் பெயர்தான்: கரி மோட்டார் ஸ்பீட்வே.

டிரைவர் சீட்டுக்குத்தான் பணம் வேண்டும். பந்தய அணியில் ஸ்பேனர் பிடிக்கக் கை சுத்தம் போதும். ஆட்டோட்ரோம் நம்மிடமிருந்து கொஞ்ச தூரம்தானே?

கே: ராத்திரி அல் கைல் ரோடு காலியாகத்தான் இருக்கு. நண்பர்களோடு ஒரு சின்ன ரேஸ்...
— பெயர், ஊர் எதுவும் வேண்டாம்

ப: வேண்டாம்தான். வேக வரம்பை 80 கிலோமீட்டருக்கு மேல் தாண்டினால் 3,000 திர்ஹம் அபராதம், 23 கறுப்புப் புள்ளி, 60 நாள் வண்டி சிறையில். அனுமதி இல்லாமல் ரோட்டில் ரேஸ் விட்டு துபாய் போலீஸ் வண்டியைத் தூக்கினால், மீட்க 1,00,000 திர்ஹம். உங்கள் வண்டியின் விலை அதில் கால்வாசி வருமா? கை அரித்தால் ஆட்டோட்ரோமை ஒட்டியிருக்கிற கார்ட்டிங் களத்துக்குப் போங்கள். அங்கே ரேடார் கிடையாது, முகாலிஃபா கிடையாது, ஹெல்மெட்டும் அவர்களே தருவார்கள்.

கே: வண்டியை மட்டும் பார்த்து ஓட்டியவன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல முடியுமா?
— புதிதாகச் சேர்ந்தவர், அலைன்மென்ட் கடை, அல் கூஸ் 2

ப: உங்கள் கடை சீனியரைக் கவனியுங்கள். சக்கரத்தைக் கழற்றியதும் அவர் விரல் முதலில் பிரேக் டிஸ்க்கின் வெளி ஓரத்துக்குப் போகும். அங்கே விளிம்பு தட்டுப்பட்டால் டிஸ்க் தேய்ந்திருக்கிறது. முகத்தில் நீலம் பாய்ந்திருந்தால் கடைசி நொடியில் ஏறி மிதிக்கிற ஆள். பிறகு உள்ளங்கையால் டயரைக் குறுக்கே தடவுவார். ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் சொரசொரத்தால் அலைன்மென்ட் போய்விட்டது.

வலது முன் டயரின் வெளித்தோள் மட்டும் தேய்ந்திருந்தால் எனக்குச் சிரிப்பு வரும். இங்கே நாம் வலது பக்கம் ஓட்டுகிறோம், ரவுண்டபவுட்டை இடது பக்கமாகவே சுற்றுகிறோம். வேகமாகச் சுற்றினால் பாரம் முழுக்க அந்த வலது டயரின் தோளில்தான். ஈகிள் ரிவரிலும் மார்ட்டின்ஸ்வில்லிலும் இதே கணக்கு. ஆக, அல் கூஸ் ரவுண்டபவுட்டில் தினமும் ஓட்டுகிற நாம் எல்லோருமே ஓவல் ரேஸர்கள்தான், கோப்பையைத்தான் யாரும் தரவில்லை.

கே: காலையில் நாலு மணிக்கு 60 பேரை ஏற்றிக்கொண்டு சைட்டுக்குப் போகிற கேம்ப் பஸ் டிரைவரைவிடவா இவர்கள் பெரியவர்கள்?
— ஸ்டீல் ஃபிக்ஸர், அல் கூஸ் கேம்ப்

ப: வேலை வேறு, அளவுகோல் வேறு. ரேஸ் ஓட்டுநர் முதலில் வந்தால் கெட்டிக்காரர். பஸ் டிரைவர் 60 பேரும் தூங்கியபடியே வந்து இறங்கினால் கெட்டிக்காரர். முன்னவரைப் பார்க்க டிக்கெட் எடுக்கிறோம், பின்னவர் சடாரென்று பிரேக் போட்டால் திட்டுகிறோம். அவர் சரியாக ஓட்டிய நாளில் யாருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. அதனால் அவருக்கு ரசிகர் மன்றம் அமையாது. ஓவர்டைமாவது ஒழுங்காக வரட்டும்.

கே: 2021 யாஸ் மரீனா கடைசிச் சுற்று. ஹாமில்டனா, வெர்ஸ்டாப்பெனா? தீர்ப்பு?
— சமையல்காரர், அல் கூஸ் மெஸ்

ப: அந்தச் சண்டையைக் கிளப்பி நாலு வருஷப் பழக்கத்தை முறித்துக்கொண்ட ரூம்கள் எனக்குத் தெரியும். கரண்டி உங்கள் கையில் இருக்கிறது. எனக்கு மதியச் சாப்பாடு வேண்டும். அடுத்த கேள்வி.

கே: அண்ணை, எங்கட பக்கம் ரேஸே நடக்கேல்லை எண்டு நினைச்சிட்டியளோ?
— யாழ்ப்பாணத்து எலக்ட்ரீஷியன், ஷார்ஜா

ப: நினைப்பேனா தம்பி? நுவரெலியா மஹகஸ்தொட்டை மலையேற்றப் பந்தயம் 1930-களிலேயே தொடங்கியது, ஆசியாவின் பழைய பந்தயங்களில் ஒன்று. தியத்தலாவை ஃபாக்ஸ்ஹில் பந்தயம் 1993 முதல். அங்கேதான் 2024 ஏப்ரலில் ஒரு கார் பாதையை விட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். ஓட்டுநர்களின் பெருமை பேசும் எல்லோரும் ஞாபகம் வைக்க வேண்டியது: வேலி சரியில்லாத களத்தில் பெரிய டிரைவர் என்று யாரும் இல்லை.

கே: பனியில் ஓடிய இந்தியர் ஒருத்தராவது உண்டா?
— குளிர்சாதனக் கிடங்கு ஊழியர், அல் கூஸ் 4

ப: சிவ கேசவன். தலைச்சேரி அப்பாவுக்கும் இத்தாலிய அம்மாவுக்கும் பிறந்து மணாலியில் வளர்ந்தவர். லூஜ் என்ற பனிச்சறுக்குப் பலகையில் மல்லாந்து படுத்தபடி 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக். ஊரில் பனித்தடம் இல்லாததால் பலகைக்குச் சக்கரம் மாட்டி இமயமலை ரோட்டில், லாரிக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவே பயிற்சி. வண்டியை மாற்றிப் பார்க்கும் சோதனையைத் தனக்குத் தானே வைத்துக்கொண்ட ஆள்.

கே: உங்கள் அளவுகோலில் ஓட்டை இருக்கிறது. வேறு வண்டி கொடுக்க ஆளே இல்லாமல் போனவன் என்ன செய்வான்? அவன் பெரியவன் இல்லையா?
— முன்னாள் பள்ளி ஆசிரியர், இப்போது ஸ்டோர் கீப்பர், அல் கூஸ் 1

ப: ஐயா, ஆசிரியர் ஆசிரியர்தான். சரியான இடத்தில் சிவப்பு மை போட்டுவிட்டீர்கள். ஈகிள் ரிவரில் நான்கு முறை வென்ற வாண்டர்ஷைட்டுக்கு ஃபெராரியிலிருந்து அழைப்பு வரவில்லை. ரஸ்ஸலுக்கும் ஹாமில்டன் காய்ச்சலில் படுக்காவிட்டால் அந்த வாரம் இல்லை. கரிவரதன் வண்டி செய்யாவிட்டால் கோவையில் எத்தனை பேர் ஸ்டீயரிங்கைத் தொட்டிருப்பார்கள்?

அதனால் அளவுகோலைக் கைவிடவில்லை, அதற்கு ஒரு விதி சேர்க்கிறேன்: வேறு சாவி கிடைத்தவரைத்தான் இதில் அளக்கலாம். கிடைக்காதவரைச் சிறியவர் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. சாவி கொடுத்தவரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் கரிவரதன் பெயர் நரேனுக்கு மேலேயே வரும்.

கே: கடைசியாக ஒரே மூச்சில் சொல்லுங்கள். யார்தான் பெரிய டிரைவர்?
— மொத்த ரூமும், அல் கூஸ் 3

ப: பனியில் ஜாக் வில்நெவ் சித்தப்பா, பாலையில் நாசர் அல்-அத்தியா, நம்மில் நரேன் கார்த்திகேயன். ஆட்சேபம் உள்ளவர்கள் அடுத்த வாரத்துக்கு எழுதலாம். பெயரை மட்டும் எழுதாமல், அவர் வேறு எந்த வண்டியை எந்தத் தரையில் ஓட்டினார் என்பதையும் சேர்த்து எழுதவும். "தல" என்ற ஒரே சொல் மட்டும் எழுதிய கடிதங்கள் ஏற்கெனவே ஒரு டிராயர் நிறைய இருக்கின்றன. இனி வருபவை அடுத்த டிராயரில் வைக்கப்படும்.